நாலு சக்கரமும் இழுக்கும்... ஓட்டத் தெரியுமா?

ஆஃப் ரோடு பயிற்சியில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே ஒரு வேலை உண்டு. டயரில் காற்றை இறக்க வேண்டும். வால்வு மூடியைக் கழற்றி, விரல் நீளக் கருவி ஒன்றைத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று சீறுகிறது. பெட்ரோல் பங்க்கில் பார்த்துப் பார்த்து 30 பி.எஸ்.ஐ. அளவுக்கு நிரப்பிய காற்று, மணல் ஓட்டத்துக்காக 18-க்கு வந்து நிற்கிறது. புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு மனசு கேட்காது. டயர் வீணாகிவிடாதா என்று சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். ஆனால் காற்று இறங்கிய டயர் நீளவாக்கில் தட்டையாகி, தரையில் படியும் பரப்பு கூடுகிறது. வண்டியின் எடை ஒரே இடத்தில் குத்தாமல் பரவி, ஒட்டகத்தின் பாதம்போல் மணலின் மேலேயே நிற்கிறது. காற்றை இறக்காமல் அதே வண்டியை அதே மணலில் விட்டால், கொஞ்ச தூரத்திலேயே அச்சு வரை புதைந்துவிடும்.

இந்தச் சின்ன விஷயம் தெரியாமல்தான் வார இறுதிகளில் கடற்கரையிலும் ஆற்றுப்படுகையிலும் வண்டிகள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. லட்சக்கணக்கில் கொடுத்து வண்டி வாங்கிவிட்டோம். அதை எங்கே, எப்படி ஓட்ட வேண்டும் என்கிற கல்வியை மட்டும் வாங்கவில்லை. எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிய எவரும் மறுநாளே ஒரு மகிந்திரா தார் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்கலாம். தடுக்க ஆளில்லை, சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை.

முன்பெல்லாம் ஜீப் என்றால் வனத்துறை, காவல்துறை, எஸ்டேட், தேர்தல் பிரசாரம். மகிந்திராவின் புதிய தார் 2020 அக்டோபர் 2-ல் வந்தபிறகு அந்தக் கணக்கு மாறியது. 2023-ல் மாருதி ஜிம்னி, 2024-ல் ஐந்து கதவு வைத்த தார் ராக்ஸ். ஃபோர்ஸ் கூர்க்காவும் களத்தில் இருக்கிறது. ஐ.டி. இளைஞர், டாக்டர், தோப்பு வைத்திருப்பவர் என்று எல்லாரும் வாங்குகிறார்கள். வாங்கட்டும். காடு மேடு சுற்றிப் பார்க்கும் ஆசை நல்ல ஆசை. ஆனால் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டாவது கம்பியை ஒருமுறைகூடத் தொடாமலே வண்டியை விற்றுவிடுகிறவர்கள் ஏராளம். தெரியாமல் தொட்டுக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. தார் என்று பெயர் இருப்பதாலேயே நாலு சக்கரமும் இழுக்கும் என்றும் இல்லை. 2023 முதல் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி, என் வண்டி ஏன் ஏறவில்லை என்று கேட்டால் பாவம், வண்டி என்ன செய்யும்?

இரண்டாவது கம்பியின் கதை

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் மூன்று நிலைகள்: டூ ஹை, ஃபோர் ஹை, ஃபோர் லோ. டூ ஹை-யில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். தார் ரோட்டுக்கு இதுதான். ஃபோர் ஹை-யில் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுழலும். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் போகும் வட்டம் பெரிது, பின்சக்கரங்களின் வட்டம் சிறிது. மண்ணிலும் மணலிலும் டயர் லேசாக வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. அழுத்தம் முழுவதும் அச்சிலும் கியர் பற்களிலும் ஏறும்; ஸ்டீயரிங் கனக்கும்; டயர் தேயும்; கடைசியில் உள்ளே ஏதாவது உடையும். பிடிமானம் கூடும் என்று காய்ந்த நெடுஞ்சாலையில் ஃபோர் ஹை-யில் போட்டு ஓட்டுகிறவர்கள் தாங்கள் காப்பாற்றுவதாக நினைக்கும் வண்டியைத் தாங்களே அரைக்கிறார்கள்.

ஃபோர் லோ வேறு உலகம். சக்கரத்துக்குப் போகும் வேகம் இரண்டு, இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவுக்குக் கூடும். முதல் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டுக் காலை எடுத்தால் வண்டி மனிதன் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து போகும். இந்த ஊர்தலில்தான் கலையே இருக்கிறது. வேகமாக முட்டி மோதி ஏறுவது ஆஃப் ரோடிங் என்று சினிமாவும் விளம்பரமும் பழக்கிவிட்டன. உண்மையில் கல்லும் மேடும் உள்ள பாதையில் நல்ல ஓட்டுநரின் வண்டியில் உட்கார்ந்தால், டம்ளரில் வைத்த தண்ணீர்கூட அவ்வளவாகத் தளும்பாது.

அடுத்த பாடம், ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். நாலு சக்கரமும் இழுத்தும் வண்டி ஏன் சில இடங்களில் நகராமல் நிற்கிறது? வலது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் குழியில் இறங்கி அந்தரத்தில் தொங்கும்போது, சாதாரண டிஃபரன்ஷியல் சக்தியை எளிதாகச் சுற்றும் சக்கரத்துக்கே அனுப்பும். தொங்கும் சக்கரம் வெறுமனே சுழல, தரையில் ஊன்றிய சக்கரம் சும்மா இருக்கும். கூர்க்காவில் முன்னும் பின்னும் பூட்டுப் போடும் வசதி இருப்பது இதற்காகத்தான். பூட்டு இல்லாத வண்டியில் பாதையை முன்கூட்டியே படித்து, சக்கரம் தொங்காத தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் பயிற்சியில் வண்டி ஓட்டும் நேரத்தைவிட இறங்கி நடக்கும் நேரம் அதிகமாக இருக்கும். ஒருவர் முன்னால் நின்று கைச்சாடை காட்ட, ஓட்டுகிறவர் அவரை மட்டுமே பார்த்து ஓட்டப் பழகுவார். நாலு பேர் நாலு திசையில் நின்று கத்தினால் வண்டி கவிழும். ஒரே ஒருவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஏறத் தெரிந்தால் போதாது

பயிற்சிகளில் என் மனதில் நிற்பது ஏற்றத்தில் வேண்டுமென்றே தோற்கும் பாடம். செங்குத்தான மண்மேட்டில் பாதி தூரம் ஏறியதும் எஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். முன் கண்ணாடியில் வானம் மட்டும் தெரியும். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் எல்லாருக்கும் தோன்றுவது இரண்டே வழி: கிளட்சை மிதிப்பது, அல்லது ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பிக்கொண்டு இறங்கப் பார்ப்பது. இரண்டும் ஆபத்து. கிளட்சை மிதித்தால் எஞ்சினின் பிடி போய் வண்டி பின்னோக்கிப் பாயும். குறுக்கே திருப்பினால் சரிவில் பக்கவாட்டாக நிற்கும் வண்டி உருண்டுவிடும்.

செய்ய வேண்டியது இது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள். ஹேண்ட் பிரேக்கையும் போடு. கிளட்சை மிதித்து ரிவர்ஸ் கியரைப் போட்டு, கிளட்சை முழுக்க விடு. இப்போது எஞ்சின் நின்ற நிலையிலேயே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார். கால் கிளட்சின் பக்கமே போகக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி, பிரேக்கை மெல்லத் தளர்த்தி, சாவியைத் திருப்பு. வண்டி ரிவர்ஸில் உயிர் பெற்று, வந்த தடத்திலேயே எஞ்சின் பிடியில் மெதுவாகக் கீழே இறங்கும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்கிற புதிய வண்டிகளிலும் ஆட்டோமேட்டிக்கிலும் இந்த முறை கொஞ்சம் மாறும். உங்கள் வண்டிக்கு எது என்பதை அந்த மேட்டில் நின்று கற்பது நல்லது. முதல்முறை செய்யும்போது கை நடுங்கும். இரண்டாம் முறையே முகம் மாறிவிடும். மேட்டில் தோற்கத் தெரிந்தவருக்கு மேட்டைப் பற்றிய பயம் போய்விடுகிறது.

இறக்கத்துக்கும் இதே கணக்கு. ஃபோர் லோ, முதல் கியர், கால் கிளட்சில் இல்லை, பிரேக்கை முடிந்தவரை தொடுவதில்லை. கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் கொடுத்துப் பிடிக்கவும் கூடாது. சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் சட்டென்று திருகும்; உள்ளே இருக்கும் கட்டைவிரல் ஒடியும்.

இந்த வித்தையை எந்தப் பள்ளியிலும் படிக்காமல் கற்றவர்களைப் பார்க்க வேண்டுமானால் கொழுக்குமலைக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் தேயிலை விளையும் அந்த மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப் கிளம்புவதோ கேரளப் பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து. விடியலைப் பார்க்க இருட்டில் வரிசையாக ஏறும் ஜீப்புகளின் ஓட்டுநர்களில் பலர் தோட்டக் குடும்பங்களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். பாதை என்று சொல்ல எதுவுமில்லை, பெயர்ந்த பாறைகள்தான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் தலை கூரையில் இடிக்கும். ஆனால் ஓட்டுநரின் கையைப் பாருங்கள். ஸ்டீயரிங் பெரிதாக ஆடாது. எந்தக் கல்லில் இடது சக்கரத்தை ஏற்றினால் வலது சக்கரம் பள்ளத்துக்குத் தப்பும் என்பது அவருக்குத் தெரியும். மழையில் பாதை மாறினால் அவர் தடமும் மறுநாளே மாறிவிடும். எதிரே வண்டி வந்தால் இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்கும். ஏறுகிற வண்டிக்கு வழி. யாரும் ஹாரன் அடித்துச் சண்டை போடுவதில்லை. சொந்த வண்டியில் அங்கே ஏற முயலும் புதியவர்களுக்கு நான் சொல்வது: முதலில் அவர்கள் ஜீப்பில் முன்சீட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து, போகவர அந்தக் கைகளையும் கால்களையும் மட்டும் கவனியுங்கள்.

650 மில்லிமீட்டர்

2023 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் சாலையில் நெரிசல் என்று ஒருவர் தன் தாரைச் சந்திரா ஆற்றுக்குள் இறக்கி ஓட்டிக்கொண்டு போனார். காணொளி நாடெங்கும் பரவியது. காவல்துறை அபராதம் போட்டது. வண்டி கரையேறிவிட்டதால் பலர் கைதட்டினார்கள். எனக்கு வயிறு கலங்கியது, ஏனென்றால் அதைப் பார்த்து எத்தனை பேர் நம் ஊர்த் தரைப்பாலங்களில் இறங்குவார்களோ!

மூன்று கதவு தார் 650 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் போகும் என்று நிறுவனம் சொல்கிறது. இரண்டடிக்குச் சற்று மேல். இது தேங்கி நிற்கும் தண்ணீருக்கான கணக்கு. ஓடுகிற தண்ணீர் வேறு. ஓரடி ஆழ ஓட்டம் சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டடி ஓட்டம் எஸ்.யு.வி.யையே தள்ளிக்கொண்டு போகும். வண்டியின் கதவுகளும் பக்கத் தகடுகளும் வெள்ளத்துக்கு நல்ல பிடி கொடுக்கும். உள்ளே காற்று இருப்பதால் வண்டி லேசாக மிதக்கத் தொடங்கும்போது டயர் தரையைத் தொடாது. தரையைத் தொடாத டயர் எத்தனை இழுத்தால் என்ன?

தேங்கிய நீரிலும் முறை உண்டு. முதலில் இறங்கி, கையில் கழியோடு நடந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாத தண்ணீரில் வண்டி போகக் கூடாது. சீரான மெதுவான வேகத்தில், முன்னால் எழும் அலைக்குச் சற்றுப் பின்னாலேயே வண்டி போக வேண்டும். அந்த அலையின் மறைவில் எஞ்சின் அறையில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரைக் காற்றைப்போல் அமுக்க முடியாது. திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் அதில் மோதி, கனெக்டிங் ராடு வளையும். இப்படி எஞ்சின் போனால் சாதாரண காப்பீட்டில் பணம் வராது. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

மாட்டிக்கொண்ட பிறகு

உயிர் போகும் ஆபத்து ஓட்டும்போது இருப்பதைவிட, மாட்டிய வண்டியை மீட்கும்போது அதிகம். நம் ஊரில் வழக்கம் என்ன? டிராக்டரைக் கூப்பிட்டு, இரும்புச் சங்கிலியை பம்பரில் கட்டி, ஒரு வெட்டு வெட்டி இழுப்பது. சுற்றிலும் ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். பம்பர் பெயர்ந்தாலோ சங்கிலி அறுந்தாலோ அந்த இரும்பு எந்தத் திசையில் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் கொக்கிக் குண்டில் பட்டையை மாட்டி இழுத்து, அந்தக் குண்டு பிய்ந்து தோட்டாவைப்போல் பாய்ந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அந்தக் குண்டு டிரெய்லரைச் சீராக இழுக்கச் செய்தது; திடீர் வெட்டைத் தாங்காது.

மீட்புக்கென்று நைலான் பட்டை இருக்கிறது. ரப்பரைப்போல் 20 சதவிகிதம் வரை நீண்டு, வண்டியை வெட்டாமல் இழுக்கும். சேஸிஸோடு சேர்த்துப் பொருத்திய மீட்புக் கொக்கியில் மட்டும் அதை மாட்ட வேண்டும். மாட்டியபின் பட்டையின் நீளத்துக்கும் அதிகமான தூரத்துக்கு எல்லாரும் விலகிப்போக வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் எடுக்க வேண்டியது மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னுள்ள மண்ணையும், அடிவயிறு தட்டி நிற்கும் மேட்டையும் வெட்டி ஒதுக்கி, காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கினால், மாட்டிய வண்டிகளில் பாதிக்கு மேல் தானாகவே வெளியே வரும் என்பது இந்தத் துறைக்காரர்களின் அனுபவம். கூரையில் வரிசையாக விளக்கு மாட்டப் பணம் செலவழிப்பவர்கள் ஒரு மண்வெட்டியும், காற்று திரும்ப நிரப்பச் சின்ன கம்ப்ரஸரும் வாங்கி வைப்பதில்லை. காற்று இறங்கிய டயரோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும். மணலைவிட்டு ஏறிய உடனேயே நிரப்பிவிட வேண்டும்.

நம் மண், நம் கடல்

பயிற்சிப் பாடங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மணலையும் பனியையும் வைத்து எழுதப்பட்டவை. நம் மண்ணுக்கென்று தனிப்பாடம் வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காய்ந்திருக்கும்போது சிமெண்டுத் தரை; ஒரு மழை பெய்தால் டயர் பள்ளங்களை முழுதாக அடைத்துக்கொண்டு சக்கரத்தை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். கோடையில் வற்றிய ஏரி வெடித்துக் காய்ந்து கிடப்பதாகத் தெரியும். மேலே ஓடு, கீழே குழைந்த களி. ஓடு உடைந்தால் வண்டி அடிவயிறோடு உட்கார்ந்துவிடும். நாற்றங்காலில் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டி இறக்கும் விவசாயிக்கு இதெல்லாம் தெரியும். எங்கே புல்லின் நிறம் மாறுகிறதோ அங்கே ஈரம் என்று அவர் கண்ணாலேயே சொல்வார். தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்துத் தேரிக்காட்டின் சிவப்பு மணல் கடற்கரை மணலைவிட நைசு. அது வேறுமாதிரி வழுக்கும்.

ஆனால் இந்த இடங்களில் எங்கே ஓட்டலாம்? இதுதான் நம்முன் இருக்கும் பெரிய கேள்வி. தேரியின் ஒரு பகுதி காப்புக்காடு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. மேலே வண்டி ஏறினால் முட்டைகள் நசுங்கும். நசுங்காமல் பிழைத்துப் பொரிந்து வரும் குஞ்சுக்கு டயர் தடம் ஒரு பள்ளத்தாக்கு. அதில் விழுந்தால் கடலுக்குப் போக வழி தெரியாமல் தடத்தோடே ஓடி, விடிந்ததும் வெயிலில் காய்ந்து சாகும். ஹெட்லைட் வெளிச்சமும் அதைத் திசை மாற்றும். ஒருவருடைய அரைமணி நேரக் குதூகலத்துக்கு அவ்வளவு விலை கொடுக்கக் கூடாது. கடற்கரையில் தார் ஓட்டி வீடியோ போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு செய்வதாக நான் நம்பவில்லை. தெரியவைக்க வேண்டியது நம் கடமை.

விதி போட்டு ஓட்ட முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று இணையாக 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள். மவுண்ட் டேர் என்ற இடத்தில் டீசல் நிரப்பினால், 500 கி.மீ. அளவுக்குத் தாண்டி பேர்ட்ஸ்வில் வந்தால்தான் அடுத்த பங்க். வாங்கங்குரு பழங்குடியினர் மணலுக்கடியில் ஊறும் கிணறுகளை நம்பி இந்தப் பாலைவனத்தில் வாழ்ந்தார்கள். 1962-ல் நிலவியலாளர் ரெக் ஸ்ப்ரிக், மனைவி, பிள்ளைகளோடு நிசான் பேட்ரோலில் அதைக் கடந்தார்; மோட்டார் வண்டியில் அதைக் கடந்தது அதுவே முதல்முறை. இன்று விடுமுறைக்காக ஏராளமானோர் கடக்கிறார்கள். ஆனால் விதிகள் கறாராக இருக்கின்றன. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, வெயில் உச்சத்தில், பாலைவனத்தை மூடிவிடுகிறார்கள். மேட்டின் மறுபுறத்திலிருந்து ஏறி வருகிற வண்டி தெரிவதற்காக, தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்துக்குக் கொடி கட்ட வேண்டும். எல்லாரும் ஒரே ரேடியோ சேனலில் பேசிக்கொள்கிறார்கள். காற்றை இறக்காமல் ஏறுகிறவரின் சக்கரம் துள்ளித் துள்ளி மேட்டில் குழி பறிக்கும். பின்னால் வருகிற நூறு பேருக்கும் அந்தக் குழிதான் பாதை. அதனால் டயர் அழுத்தம் அங்கே சொந்த விஷயம் அல்ல.

நமக்கும் அப்படி ஓர் ஒழுங்கு வேண்டும். அதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும். நாசிக் பக்கம் இகத்புரியில் மகிந்திரா நிறுவனம் பயிற்சிக்கென்றே ஒரு தளம் அமைத்தது. மலேசியாவில் 1997-ல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் இந்தியப் பதிப்பு 2014 முதல் கோவாவில் மழைக்காலத்தில் நடந்தது. இத்தனை வண்டி ஓடும் தமிழ்நாட்டில், மாவட்டந்தோறும் மூடிக்கிடக்கும் கல்குவாரிகளில் தண்ணீர் தேங்காத, பாதுகாப்பான சிலவற்றை வேலி போட்டுப் பயிற்சித் தளமாக்கினால் என்ன? ஏற்றம், இறக்கம், பக்கச் சரிவு, கல்பாதை, ஒரு லாரி லோடு மணல், முழங்காலளவு தண்ணீர்த் தொட்டி. இவ்வளவு போதும். கட்டணம் வாங்கட்டும். வண்டி விற்கும் டீலர்கள் சாவியோடு சேர்த்து ஒருநாள் பயிற்சிச் சீட்டையும் கொடுக்கட்டும்.

பயிற்சி இல்லாதவர்கள் அந்தக் குறையை வண்டியை மாற்றி ஈடுகட்டப் பார்க்கிறார்கள். பெரிய டயர், இரும்பு பம்பர், உயர்த்திய சஸ்பென்ஷன். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதைவிட முக்கியம், உயர்த்திய வண்டியின் எடைமையம் மேலே போய், அது சரிவில் எளிதாகக் கவிழும். கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் தாரும் ஜிம்னியும், ஓட்டத் தெரிந்தவர் கையில் நம் மலைகளுக்குத் தாராளமாகப் போதும்.

சொல்லிக்கொடுக்க ஆட்களுக்கும் பஞ்சமில்லை. வேலூர் மாவட்டத்துக் கிராமங்களில் ராணுவத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். லடாக்கின் பனியிலும் அருணாசலத்தின் சேற்றிலும் ஜிப்ஸியும் லாரியும் ஓட்டியவர்கள். இன்று ஏ.டி.எம். வாசலிலும் அபார்ட்மெண்ட் கேட்டிலும் காவலுக்கு நிற்கிறார்கள். அவர்களையும் சூரியநெல்லி ஓட்டுநர்களையும் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டு, அந்தக் குவாரிகளில் முதல் வகுப்பை எடுக்கச் சொல்ல வேண்டும்.